காற்று எந்தக் கட்சி?

1703 நவம்பர் 26ஆம் தேதி இரவு தென் இங்கிலாந்தில் அடித்த புயல், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் ஈயக் கூரையைப் பாயைப்போலச் சுருட்டிப் போட்டது. எடிஸ்டோன் கலங்கரை விளக்கம், அதைக் கட்டிய ஹென்றி வின்ஸ்டான்லியோடு கடலுக்குள் போயிற்று. குட்வின் மணல்திட்டில் போர்க்கப்பல்கள் சிதறி, 1,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

யார் செய்த பாவம்? பொழுது விடிந்ததும் நாடு கேட்ட கேள்வி இதுதான். ஆன் அரசி 1704 ஜனவரி 19ஐ உபவாச நாளாக அறிவித்தார். இது தெய்வக் கோபம் என்பதில் பலருக்கும் ஐயமில்லை. யார்மேல் கோபம் என்பதில்தான் வழக்கு.

வெல்ஸ் நகர அரண்மனையில் பேராயர் ரிச்சர்ட் கிடரும் மனைவியும் படுத்திருந்த அறைமேல் புகைபோக்கி சரிந்து இருவரும் இறந்தனர். கிடர் உட்கார்ந்திருந்தது இன்னொருவரின் ஆசனம். புதிய மன்னர் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால், 1691இல் அந்த ஆசனத்தை தாமஸ் கென் இழந்திருந்தார். பிறகென்ன, தீர்ப்பு எழுதுவதற்கு வேண்டிய சாட்சியம் எல்லாம் தயார்! ஆனால் அதே இரவு, தங்கியிருந்த வீட்டின் கூரை உத்தரம் இடம்பெயர்ந்து, கென்னும் மயிரிழையில்தான் தப்பினார். காற்றுக்குக் கட்சி இருந்திருந்தால் அது சற்றுக் குழம்பிய கட்சி.

அப்போதுதான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்த டேனியல் டீஃபோ, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நேரில் கண்டவர்களிடமிருந்து கடிதங்கள் வாங்கி, 1704இல் 'தி ஸ்டார்ம்' என்ற நூலாக்கினார். சேதத்தைக் கணக்கெடுப்பதில் நிருபரின் கறார்த்தனம் அவருக்கு உண்டு. காற்றின் மூலம் எது என்று வரும்போதோ, தத்துவஞானிகளால் எட்ட முடியாதது அது, கடவுளிடம்தான் கொண்டுபோய்விடும் என்று நிறுத்திக்கொள்கிறார். தெரியாததைத் தெரியாது என்றது நேர்மை. அந்த இடைவெளியில் கடவுளின் கோபத்தை வைத்ததுதான் அவசரம்.

கோபத்துக்குக் காரணம் தேடிய பிரசங்கிகளின் கையிலிருந்த வேதாகமமே இந்த அவசரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. யோபுவின் பிள்ளைகள் இருந்த வீட்டைப் பெருங்காற்று இடித்தது; யோபுவோ உத்தமன். துன்பம் வந்தால் குற்றம் இருக்கும் என்று வாதாடிய நண்பர்களைத்தான் கடவுள் கடைசியில் கண்டிக்கிறார். எலியா மலைமேல் நின்றபோது பாறைகளைப் பிளந்த காற்றில் கடவுள் இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். பிரசங்கிகள் இதையெல்லாம் படிக்காதவர்கள் அல்லர். அண்டை வீட்டாரின் பாவம் கண்ணுக்கெதிரே நிற்கும்போது படித்தது பயன்படுவதில்லை.

கிடர் இறந்தபின் அரசி அதே பதவியைக் கென்னுக்குத் திருப்பித் தர முன்வந்தார். கென் ஏற்கவில்லை, நண்பர் ஜார்ஜ் ஹூப்பருக்கு விட்டுக்கொடுத்தார்.