ஆணையும் அறமும்

பிரகலாதனை மலையினின்று உருட்டியும் கடலில் எறிந்தும் வதைத்த ஏவலர்க்கு அப்பாலகன்மேல் பகை ஏதும் இல்லை. ‘அரசன் ஆணை’ என்ற சொல்லே அவர்தம் இரக்கத்தை அவித்தது.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளநூலறிஞர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையும் இதையே காட்டிற்று. அடுத்த அறையில் இருந்தவர்க்கு மின்னதிர்ச்சி தருமாறு பணிக்கப்பட்ட 40 பேரில் 26 பேர், இறுதி அளவான 450 வோல்ட் வரை விசையை அழுத்தினர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அதை அவர்கள் அறியார்.

பொறுப்பை ஏவியவன்மேல் சார்த்தும் நெஞ்சே கொடுமையின் விளைநிலம். தூதனைக் கொல்லுமாறு இராவணன் பணித்தபோது, தமையன் என்றும் பாராது தடுத்துரைத்தான் விபீடணன். தன்னைக் கொல்லப் பூதத்தை ஏவி, அதனாலேயே மாண்ட புரோகிதரை உயிர்ப்பிக்குமாறு பிரகலாதன் திருமாலை வேண்டியதாக விஷ்ணு புராணம் கூறும். எவ்வுயிரிலும் எம்பெருமான் உறைவதை உணர்ந்தவன் கை, எவர் ஏவினும் பிறரை வருத்த எழாது.