கேன் தண்ணீர் ஊர்

திருவள்ளூர் மாவட்டத்துப் பண்பாடு என்றதும் பலரும் மொழியைத்தான் இழுப்பார்கள். ஆந்திர எல்லை மாவட்டம் அல்லவா? எல்லைக்காக ம.பொ.சி. போராடினார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது, திருப்பதி வரவில்லை. ஆனால் ஊத்துக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவரிடம் அந்த எல்லைக்கோட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். எனக்கென்னவோ இங்கே ஊருக்கு ஊர் குணம் மாறுவது தண்ணீரால் என்றே படுகிறது.

ஏரிப் பாசன ஊரில் தலைமடைக்காரர் மனம் வைத்தால்தான் கடைமடையில் நெல் விளையும். அதனால் அங்கே சண்டைகூட ஓர் அளவோடு நிற்கும். நாளைக்கும் அதே மதகடியில்தான் முகம் பார்க்க வேண்டும்.

பழவேற்காட்டில் கதை வேறு. ஏரியில் வரப்பு போட முடியாது. இறாலும் மீனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் குப்பத்து மீனவர்கள் ‘பாடு’ முறை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்து மாறிக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் விழலாம், யாரும் முணுமுணுக்க முடியாது. அழகான ஏற்பாடுதான். ஆனால் அது பட்டினவர் சமூகத்துக் குப்பங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. அதே ஏரிச் சேற்றில் இடுப்பளவு இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளருக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. பங்கு போடுகிற வழக்கம் எங்கேயும் யாரையோ வெளியே நிறுத்தித்தான் உருவாகியிருக்கிறது. பழைய ஊர்களைப் புகழும்போது இதை மறந்துவிடுகிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏரியும் இல்லை, பாடும் இல்லை. லைன் வீட்டில் ஓர் அறைக்கு நாலைந்து பேர், ஒடியாவும் போஜ்புரியும் பேசுகிறவர்கள். ஒருவர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருவர் வந்து படுப்பார். வாசலில் கேன் தண்ணீர், அவரவர் காசில். காசு கொடுத்து வாங்கும் தண்ணீருக்காக யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை, விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. ‘வடக்கத்திக்காரன் நம்மோடு ஒட்டுவதில்லை’ என்று டீக்கடையில் சொல்கிறார்கள். ஒட்டுவதற்கு நாம் எதைப் பொதுவில் வைத்திருக்கிறோம்? கிராம சபையில் உட்கார்ந்து தெருக்குழாய் கேட்பதற்குக்கூட உள்ளூர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். அவர்களில் பலருக்கு அந்தப் பெயர் இன்னும் ஒடிசாவிலும் பீகாரிலும்தான் இருக்கிறது.