ஊசிக்குத்தும் ஒப்புதலும்

மருத்துவமனைப் பணியில் அடிக்கடி நேரும் விபத்து ஊசிக்குத்து. ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது, திமிறும் குழந்தைக்கு மருந்து ஏற்றும்போது, அறுவை அரங்கில் தையல் ஊசியைக் கைமாற்றும்போது, குப்பைப் பையைத் தூக்கும்போது அது நிகழ்கிறது. தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசியால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்போ நூறில் 6 முதல் 30 வரை. மக்கள் அஞ்சுவது முன்னதற்கு. அதிகம் பரவக்கூடியது பின்னது. அதற்கான தடுப்பூசி 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

குத்துப்பட்டவர் மனதில் முதலில் எழுவது, அந்த நோயாளிக்குத் தொற்று உண்டா என்ற கேள்விதான். விடை காண நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அவர் மறுத்தால் என்ன செய்வது? நினைவின்றிக் கிடந்தால்? ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் அவருடைய ரத்த மாதிரியில், அவர் அறியாமலே சோதித்துவிடலாமா?

அமெரிக்காவின் பல மாநிலங்கள் இத்தகைய சூழலில் ஒப்புதலின்றிச் சோதிக்கச் சட்டத்தில் இடம் வைத்துள்ளன. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த இடத்தைத் தரவில்லை. நீதிமன்ற உத்தரவு, உறுப்பு தானம், ரத்த வங்கிப் பரிசோதனை, அடையாளம் நீக்கிய கணக்கெடுப்பு போன்ற சிலவற்றுக்கே விலக்கு உண்டு. ஊழியரின் காயம் அவற்றில் இல்லை.

ஊழியரின் பக்கத்து நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இயன்றால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். குமட்டலும் சோர்வும் வரலாம். அத்தோடு அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகள், கணவரிடமோ மனைவியிடமோ கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கை, வீட்டில் யாரிடம் என்ன சொல்வது என்ற தவிப்பு. நோயாளிக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் இவற்றில் பெரும்பகுதி சில நாளிலேயே முடிந்துவிடும். அந்த நோயாளிக்குப் பணி செய்யப்போய்க் காயப்பட்டவர் இவ்வளவையும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பதில் பிழை இல்லை.

ஆனால் எச்.ஐ.வி. முடிவு வார்டில் ரகசியமாகத் தங்குவது அரிது. டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986இல் சென்னையில் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த காலம் தொட்டு, கேஸ் ஷீட்டின் மேல் ஒரு குறி, ஓரமாக ஒதுக்கப்பட்ட கட்டில், தள்ளிக்கொண்டே போகும் அறுவை சிகிச்சைத் தேதி என நோயாளிகள் பட்டிருக்கிறார்கள். கசிந்த செய்தியைத் திரும்பப் பெற வழியில்லை. மருந்தைத் தொடங்கவோ அந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. தொற்றின் தொடக்க நாட்களில் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டவும் கூடும். ஆகவே அறியாமல் சோதிப்பதால் ஊழியருக்குக் கிடைப்பது சில வாரத் துன்பத்தின் குறைவு. நோயாளி இழக்கக்கூடியது வாழ்நாள் நிம்மதி. தராசு நோயாளியின் பக்கமே தாழ்கிறது.

நடைமுறையில் இந்த மோதலின் பெரும்பகுதி, கேட்கும் விதத்தால் தீர்ந்துவிடுகிறது. குத்துப்பட்டவரே போய்க் கேட்கக் கூடாது. வேறொரு மருத்துவர் நடந்ததைச் சொல்லி, முடிவு எங்கே போகும், எங்கே போகாது என்பதையும் விளக்கிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் மறுப்பவர் சிலரே. நினைவிழந்தவர் விஷயம் மட்டும் கடினமானது. அங்கே ஊழியர் மருந்தை உட்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். நோயாளியின் உரிமைக்காக அவர் சுமக்கும் அந்த வாரங்களுக்கு விலை உண்டு, அதைத் தர வேண்டியது நிறுவனம்: மருந்து இலவசமாக, நள்ளிரவானாலும் கைக்கெட்டும் இடத்தில்; சம்பளத்தோடு விடுப்பு; அவருடைய முடிவுகளுக்கும் அதே ரகசியம். பாதுகாப்பு உபகரணம், பயிற்சி, தடுப்பு மருந்து மூன்றையும் தரும் கடமையை 2017 சட்டமே நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது.

இந்த விவாதம் முழுவதும் ஒன்றை உறுதியென எடுத்துக்கொண்டே நடக்கிறது: எந்த ஊசி, யாருடைய ரத்தம் என்று தெரியும் என்பதை. தூய்மைப் பணியாளருக்கு அது தெரியாது. ஊசி போடவே கூடாத மஞ்சள் கழிவுப் பையிலிருந்து அவர் காலில் ஊசி ஏறுகிறது. அந்த வார்டின் இருபது நோயாளிகளில் யாரிடம் ஒப்புதல் கேட்பது? ஊசிக்கென்று துளைபடாத வெள்ளைப் பெட்டி வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். கழிவைக் கையாளுவோர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனையும் தரச் சொல்கின்றன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 3 தவணை, 6 மாதம். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் ஆளும் மாறும் இடத்தில், முதல் தவணை போட்டவரே மூன்றாவதையும் போட்டுக்கொள்வார் என்பதற்கு உறுதி இல்லை.

ஆபத்து தெரிந்துதானே இந்த வேலைக்கு வந்தார்கள் என்ற வாதம் மருத்துவருக்கே முழுதாகப் பொருந்தாது. தவிர்க்கக்கூடிய ஆபத்தை எவரும் ஏற்று வருவதில்லை. தூய்மைப் பணியாளருக்கு அது சிறிதும் பொருந்தாது. அவருக்கு நேர்ந்தது நோயின் இயல்பால் வந்த ஆபத்து அன்று. ஊசியைப் பெட்டியில் போடாத ஒரு கையாலும், பெட்டியைப் படுக்கையருகே வைக்காத நிர்வாகத்தாலும் வந்தது. நோயாளியின் ஒப்புதலைப் பற்றி இத்தனை நுணுக்கமாக வாதிடும் மருத்துவ அறம், இங்கே வாய் திறக்காதது பெரும் குறை.

குத்துப்பட்டவர் சொல்லாமல் மறைப்பதும் இதோடு சேர்ந்தது. கவனக்குறைவு என்று திட்டு விழும், வேலை போகும் என்ற அச்சத்தில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மறுபடி வேலையைப் பார்க்கிறார்கள். அதனால் மருந்துக்கான நேரம் மட்டுமல்ல, இழப்பீடு கோருவதற்கான ஆதாரமும் கை நழுவுகிறது. ஊழியர் இழப்பீட்டுக்கான சட்டம், மருத்துவப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் தொற்றும் நோய்களைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் தொற்று வேலையில்தான் வந்தது என்பதை நிலைநாட்ட, குத்துப்பட்ட அன்றே பதிவேட்டில் ஒரு வரியும், அன்றே எடுத்த ரத்தத்தில் தொற்று இல்லை என்ற முடிவும் பேருதவியாக இருக்கும். பதிவு செய்பவரைத் தண்டிக்காத நிர்வாகத்தில் மட்டுமே அந்த இரண்டும் கிடைக்கும். ஒப்பந்த ஊழியரின் பெயரையும் அதே பதிவேட்டில், நிரந்தரச் செவிலியரின் பெயருக்கு அடுத்த வரியில் எழுதுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.