கட்டி வைத்து வாங்கும் ஆசி

கோயில் வாசலில் யானை நின்றால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதைச் சும்மா தாண்டிப் போவதில்லை. துதிக்கையின் நுனியில் நாணயத்தை வைக்கிறார்கள். அது சுருண்டு பாகனின் கையில் காசைச் சேர்த்துவிட்டுத் திரும்பி, குனிந்த தலைமேல் ஒரு கணம் படிகிறது. பிள்ளையாரே தொட்டதுபோல் உடம்பு சிலிர்க்கிறது. அந்தச் சிலிர்ப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆசி மனமுவந்து தரப்படுவது. வீட்டுப் பெரியவரின் கையைப் பிடித்திழுத்து நம் தலையில் வைத்துக்கொண்டால் அது ஆசியாகுமா? யானை துதிக்கையைத் தூக்குவது பாகனின் சொல்லுக்கும் கோலுக்கும் பணிந்து. அந்தப் பணிவு சங்கிலியாலும் அச்சத்தாலும் பழக்கப்பட்டது. அப்படியானால் அங்கே நமக்குக் கிடைப்பது யாருடைய அருள்?

யானையின் உடம்பே இதற்குச் சாட்சி சொல்லும். காட்டு யானை நாளின் பெரும்பகுதியை நடப்பதிலும் மேய்வதிலும் கழிக்கிறது. ஒரு நாளில் 150 கிலோவுக்கு மேல் தின்னும். பெண் யானை தாய், தங்கை, குட்டிகள் சூழ்ந்த கூட்டத்தை விட்டுப் பொதுவாகப் பிரிவதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள்தாம். அவற்றில் பல, தம் இனத்து முகம் பாராமல் கல்தரையில் தனியே நிற்கின்றன. மண்ணுக்கென அமைந்த பாதம் கல்லிலும் சிமெண்டிலும் ஆண்டுக்கணக்கில் நின்றால் நகம் வெடிக்கும், புண் வைக்கும், மூட்டு தேயும். கட்டிய இடத்திலேயே யானை தலையை ஆட்டி ஆட்டி முன்னும் பின்னும் அசைவதை, மேளத்துக்கு ஆடுகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறோம். பல நேரங்களில் அது அடைபட்ட விலங்கின் மன அழுத்தம். மனிதரிடமிருந்து காசநோய் யானைக்குத் தொற்றும் என்பதும் தெரிந்த உண்மை. 2018இல் சமயபுரத்திலும் 2024இல் திருச்செந்தூரிலும் கோயில் யானை தன் பாகனையே கொன்றது. அந்தச் சாவுகளுக்கு யானையை மட்டும் குற்றவாளியாக்குவது நேர்மையல்ல. அரசுக்கும் இது தெரியாததல்ல. 2003இல் முதுமலையில் தொடங்கி, பின்னர் தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடந்த புத்துணர்வு முகாம்கள் எதற்காக? யானைக்கு ஆறும் மரநிழலும் கூட்டாளிகளும் வேண்டும் என்பதற்காகத்தானே. முகாமின் 48 நாளில் வேண்டியிருந்தது மீதி நாட்களில் வேண்டாமல் போகுமா?

மரபு என்று சொல்பவர்களுக்கு மரபிலிருந்தே பதில் இருக்கிறது. திருவானைக்காவின் தலபுராணத்தில், நாவல் மரத்தடி லிங்கத்துக்குக் காவிரி நீரைத் துதிக்கையில் முகந்து வந்து ஊற்றிய யானையை யாரும் ஏவவில்லை. அதே கதையில் வரும் சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்கிறார்கள். யானை ஏற முடியாத அந்தக் கோயில்களில் பல இன்றுவரை பாடல் பெற்ற தலங்களாக விளங்குகின்றன. கஜேந்திரன் கதையிலோ, காலைக் கவ்விய முதலையின் பிடியிலிருந்து யானையை விடுவிக்கத்தான் பெருமாள் ஓடி வருகிறார். கபிஸ்தலத்தில் அவரைக் கஜேந்திர வரதர் என்று கும்பிடுகிறோம். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இன்னொரு யானையின் காலில் சங்கிலி பூட்டுவதற்கு எந்தப் பக்தியும் துணைநிற்காது. திருவிழாவுக்கு யானை இல்லாமல் முடியாது என்பவர்கள் கேரளத்தின் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலைப் பார்க்கட்டும். 2023இல் அங்கே இயந்திர யானையைக் கோயிலுக்குக் காணிக்கையாக்கினார்கள். சாமி புறப்பாடு நிற்கவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. இப்போதிருக்கும் யானைகளைக் காட்டில் விட்டால் பிழைக்குமா, பாகன் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்று கேட்கிறார்கள். நியாயம்தான். மனிதரோடே வளர்ந்த யானையைத் திடீரெனக் காட்டில் விடுவது இரக்கமாகாது. ஆனால் காட்டுக்கும் கல்மண்டபத்துக்கும் நடுவே இடம் இருக்கிறது. திருச்சி அருகே எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையம் போன்ற இடங்களில் யானைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாழ முடிகிறது. அங்கும் பாகன் வேண்டும். யானையின் பசியையும் காய்ச்சலையும் அவனைவிட அறிந்தவர் யார்? அவன் சோறு துதிக்கை வாங்கித் தரும் சில்லறையை நம்பி இருப்பதுதான் அநீதி. உண்டியல் நிறையும் கோயில்கள் அவனுக்கு முறையான சம்பளம் கொடுக்கட்டும். கோயில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023இல் சொன்னதை எல்லாரும் மதித்தால், இன்றிருப்பவைதான் கட்டுண்ட கடைசித் தலைமுறை.

அதுவரை பயணிக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. தள்ளி நின்று யானையைப் பார்க்கலாம், கும்பிடலாம். காசும் பழமும் நீட்ட வேண்டாம்; முதுகில் ஏறுவதும் துதிக்கையைப் பிடித்துச் செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். கோயில் அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேட்கலாம்: யானை தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறது, இரவில் எங்கே படுக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் இதையே கேட்கத் தொடங்கினால் நிர்வாகம் பதில் தேடியே ஆகவேண்டும்.