தேருக்கு இல்லாத தடை

காமக் கதை எழுதிச் சொந்தமாக வெளியிடுகிறவருக்கு இரண்டு வேலை. ஒன்று எழுதுவது, மற்றொன்று எழுதியது தானில்லை என்பது போல் இருப்பது. திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூரில் என்றால், காக்களூர்த் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி வேன் கிளம்பி, வீடு அடங்கியபின் முதல் வேலை நடக்கும். இரண்டாவதற்கு நேரம் காலம் கிடையாது.

எழுதுவது சுலபம் என்பவர்கள் எழுதிப் பார்க்கலாம். சண்டையை நூறு விதமாகச் சொல்லலாம். கூடலைச் சொல்ல மூன்றாம் முறையே சொல் வற்றிவிடும். கொஞ்சம் சறுக்கினால் கொச்சை, கொஞ்சம் விறைத்தால் மருத்துவப் பாடம். அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் வாசகர் படித்த பக்கத்துக்குத்தான் காசு, பாதியில் மூடினால் பாதிதான். மெய்ப்பு, அட்டை, விளம்பரம், கணக்கு எல்லாம் அதே இரண்டு கைகள்.

இவ்வகை எழுத்துக்குத் தடையும் புதிதல்ல. தஞ்சை அரசவையின் முத்துப்பழனி 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய ‘ராதிகா சாந்தவனம்’ நூலை, பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. ஆபாச நூல் விற்பதைத் தண்டிக்கும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு, கோயிலிலும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கு நேரடியாகவே விலக்குத் தருகிறது. (நியாயம்தான், எத்தனை தேர்களை நிறுத்துவது!) கதைப்புத்தகம் ஆபாசம் என்று வழக்கு வந்தால், அது பொதுநலனுக்கானது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எழுதியவர் பெண் என்றால் தெருவிடமும்.