கடன்பட்டவர் யார்?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்டுவிட்டு, ஏதோ அரிய உண்மையைக் கண்டுவிட்டவர்போல் நிமிர்ந்து உட்காருவோர் நம்மிடையே பலர். முப்பத்தைந்து வயதில் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால், இந்தப் பழமொழிதான் அவரை முதலில் எதிர்கொள்கிறது. ‘பேரன் எடுக்கும் வயதில் படிப்பு எதற்கு?’ என்ற கேலி அடுத்து வருகிறது. அதையும் பொறுத்துக்கொண்டு அவர், ‘நான் படிக்கும் காலத்தில் என் குடும்பம் பட்டினி கிடக்காதிருக்க அரசு உதவுமா?’ என்று கேட்டுவிட்டாலோ, கேலி சினமாக மாறிவிடுகிறது. ‘ஊரார் வரிப்பணம் வயதானவர்கள் படிக்கவா?’ என்று பாய்கின்றனர்.

நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுதான். வயது வந்தோர் மேற்கொண்டு படிக்க அரசு பொருளுதவி செய்வது கருணையா, கடமையா?

எதிர்ப்போரின் வாதத்தை முதலில் நேர்மையோடு எடுத்துவைப்போம். ‘பொதுப்பணம் அளவுக்கு உட்பட்டது. பதினெட்டு வயதுக்காரர் படித்தால் நாற்பது ஆண்டுக்காலம் நாட்டுக்குப் பயன். நாற்பது வயதுக்காரர் படித்தால் இருபது ஆண்டுக்காலமே பயன். ஆகவே இளைஞருக்கே கொடுங்கள்’ என்பது அவர்கள் போடும் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஏட்டின் ஒரு பக்கந்தான் எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம்.

இன்று நாற்பது வயதானவர் பதினான்கு வயதில் எங்கே இருந்தார்? செங்கற்சூளையில் இருந்தார். தறிக்குழியில் இருந்தார். தம்பி தங்கையரின் தொட்டிலருகே இருந்தார். அவர் சுமந்த கல்லால் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அவர் வாங்கிய தீப்பெட்டியிலும் துணியிலும் வரி இருந்தது. அந்த வரியில் கல்லூரிகள் நடந்தன. அக்காள் படிப்பை நிறுத்தியதால்தான் தம்பி பட்டதாரியானான் என்ற வரலாறு இல்லாத தெரு நம் நாட்டில் எத்தனை? ‘குலத்தொழில் இருக்கப் படிப்பெதற்கு’ என்று ஒருவரையும், ‘அடுப்பூதும் பெண்ணுக்கு ஏன்’ என்று மற்றொருவரையும் தடுத்தவர்கள், அந்தப் பழியை இன்று அவர்களுடைய வயதின்மேல் போடுகின்றனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இவர்கள் தங்கள் பங்கை முன்னதாகவே செலுத்தியவர்கள். தங்களுக்குரிய கல்வியைப் பெறாதவர்கள். எனவே கடன்பட்டது சமுதாயம். கடன் கொடுத்தவர்கள் இவர்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கருணை என்று பெயரிடுவது எந்த அறத்தில் சேரும்?

‘இது உணர்ச்சிப் பேச்சு, நடைமுறைக்கு ஒவ்வாது’ என்பர் சிலர். நடைமுறையையே பார்ப்போம்.

1944 ஜூன் 22-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், போரிலிருந்து திரும்பும் வீரர்களின் மறுவாழ்வுக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். படிக்க விரும்பும் வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம். அதோடு வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பம் உடையவருக்கு 75 டாலர். கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுப்பையும் நினைத்தது அச்சட்டம். கல்வியின் தரமே கெட்டுவிடும் என்று பெரும் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் சிலர் அஞ்சினர். நடந்தது என்ன? 1947-இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். மொத்தம் இருபத்திரண்டு இலட்சம் பேர் கல்லூரி கண்டனர். மனைவி மக்களோடு வந்தவர்கள் வகுப்பறையில் பின்தங்கவில்லை, முன்னே நின்றனர்.

அச்சட்டத்தின் கறையையும் மறைக்கலாகாது. அதன் எழுத்தில் நிறவேற்றுமை இல்லை. ஆனால் தென்மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பு வீரர்களுக்குக் கதவை அடைத்தன. கறுப்பர் கல்லூரிகளிலோ போதிய இடமில்லை. ஒரே போரில் சிந்திய ஒரே நிறக் குருதிக்கு இருவேறு விலை! உதவி என்று சட்டம் எழுதினால் போதாது, அது யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இங்கிலாந்து மற்றொரு பாடம் புகட்டுகிறது. பகலில் உழைப்போர் இரவில் பயில, 1823-இலேயே லண்டனில் தொழிலாளர் கல்விக்கழகம் கண்ட நாடு அது. முன்தகுதி எதுவும் கேளாத திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1969-இல் பட்டயம் வழங்கி, 1971-இல் மாணவரைச் சேர்த்தது. அதற்காக வாதாடிய அமைச்சர் ஜென்னி லீ ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்.

அந்த நாட்டிலேயே பின்னர் காற்று மாறியது. 2012-இல் பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்ந்தது. 2013-இல், 24 வயது நிரம்பியோர் நம் மேல்நிலைக் கல்விக்கு ஒப்பான படிப்பையும் அதற்கு மேற்பட்ட தொழிற்படிப்பையும் பயில, அரசு மானியத்துக்கு மாறாகக் கடன் தரப்பட்டது. ‘பணத்தைத்தான் கடனாகக் கொடுக்கிறோமே, படிக்கத் தடை என்ன?’ என்றனர் ஆட்சியாளர். பதினெட்டு வயதினர் கடன் வாங்கிப் படித்தனர். ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பசியும் தெரிந்தவர்கள் பின்வாங்கினர். 2010-க்கும் 2015-க்கும் இடையே, புதிதாகச் சேரும் பகுதிநேரப் பட்ட மாணவரின் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. அவர்களில் பெரும்பாலோர் வயது வந்தோர்.

இதில் வியப்பென்ன? கடன்பட்ட சமுதாயம், தனக்குக் கடன் கொடுத்தவரிடமே வட்டி கேட்டது. அவர் திரும்பிப் போனார். 2018-இல் வேல்ஸ் நாடு பகுதிநேர மாணவருக்கும் வாழ்க்கைச் செலவுக்கான உதவியை வழங்கத் தொடங்கியது. அங்கே சேர்வோர் தொகை உயர்ந்தது. 2021-இல் இங்கிலாந்தும், மேல்நிலைத் தகுதி இல்லாத 24 வயதுக்கு மேற்பட்டோருக்குக் குறிப்பிட்ட சில படிப்புகளைக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. தாலிக்குப் போன பணம் கல்விக்குத் திரும்பியது. மாதம் 1,000 ரூபாய் மாணவியரின் கணக்கில் சேர்ந்தது. போற்றத்தக்க மாற்றம்! ஆயினும் அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கென வகுக்கப்பட்டது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் தனித்தேர்வராக எழுதி வென்ற தாய் அந்த வரம்புக்குள் வரமாட்டார். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரப் பெண்களுக்கு வயது உச்சவரம்பில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கதவு திறந்திருக்கிறது, உண்மை. ஆனால் 750 ரூபாயில் ஒரு குடும்பத்தின் உலை எத்தனை நாள் கொதிக்கும்?

சாகும்வரையில் ஒருவன் கல்லாதிருப்பது ஏன் என்று வள்ளுவர் வினவினார். இந்த வயதோடு படிப்பை முடித்துக்கொள் என்று எல்லை கட்டவில்லை. பள்ளியில் பணியாற்றும் நாம், மதிப்பெண் அட்டையை வாங்கிப் பார்க்கும் பெற்றோரை அறிவோம். எழுத்துக் கூட்டியேனும் படிக்கும் தாய் ‘ஏன் குறைந்தது?’ என்று கேட்கிறாள். படிக்க இயலாத தாய் நம் முகத்தைப் பார்க்கிறாள். தாய்க்குக் கொடுப்பதால் பிள்ளையின் பங்கு குறையும் என்போர், அந்த இரு முகங்களையும் ஒருமுறை பார்க்கட்டும். தாய்க்குக் கொடுத்தது பிள்ளைக்கும் சேருகிறது.

நாம் கேட்பது இதுதான். கட்டணம் வேண்டாம் என்பதோடு நிற்காமல், இழக்கும் கூலிக்கு ஈடு வேண்டும்; பிள்ளையை விட்டுவர இடம் வேண்டும்; மாலை வகுப்பு வேண்டும்; வயதைக் காட்டி விரட்டாத விதி வேண்டும். இவற்றைக் கையேந்திக் கேட்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டிக் கேட்கலாம்.

ஐம்பதில் வளையுமா என்று இனி யாரேனும் கேட்டால், இளைஞர்களே, திருப்பிக் கேளுங்கள்: ஐந்தில் அதை வளையவிடாமல் தடுத்தவர் யார்?