சிரிப்பு யார் கணக்கில்?

போன பௌர்ணமி ராத்திரி, கிரிவலப் பாதை ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பசங்ககிட்ட ஒரு பாட்டி, 'அன்னதானம் எங்கப்பா போடறாங்க?' என்று கேட்டார். 'அந்தாண்ட, பாட்டி! சீக்கிரம் போ, தீர்ந்துடும்' என்றான் ஒருத்தன். பாட்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பொய் சொல்வானேன், எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

குறும்பு தப்பா சார்? வீடு வந்த பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. அப்போது ஞாபகம் வந்தவர், குறும்புக்குப் பேர்போன ஒரு நகராட்சித் தலைவர்.

எங்க திருவண்ணாமலை மாநகராட்சி ஆகி, மேயர் வந்ததே 2024ல்தான். அந்தக் காலத்துச் சின்ன ஊர்களில் சேர்மன்தான் மேயர் மாதிரி. ஈரோட்டில் அப்படி சேர்மனாக இருந்து, குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 1919ல் பதவியை உதறியவர் ஈ.வெ.ராமசாமி. பிற்பாடு பெரியார்.

இளவயதில் அவர் செய்த குறும்புகள் அவருடைய வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. 'எல்லாம் விதிப்படிதான்' என்று பேசிய ஒரு கடைக்காரர். கடைத் தட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கோலைத் தட்டிவிட்டார் ராமசாமி. தட்டி கடைக்காரர் தலையில் விழுந்தது. 'இதுவும் விதிதான்' என்று சொல்லிவிட்டு எடுத்தார் ஓட்டம்!

இன்னொன்று. மனைவி நாகம்மை கோயிலுக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு திருவிழா நாளில், 'புதுசா வந்த தாசி' என்று நண்பர்களிடம் சொல்லி, நாகம்மையைக் கேலி செய்ய வைத்தார். நடுங்கிப்போன அந்தப் பெண், கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

முதல் கதைக்குச் சிரித்த எனக்கு, இரண்டாவதுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன்? பி.காம் படித்த புத்தி கணக்குப் போட்டது. ஒவ்வொரு வரவுக்கும் எங்கேயோ ஒரு பற்று உண்டு. கடைக்காரர் கொடுத்த விலை, அவர் பேசிய பேச்சுக்கு. திருப்பித் திட்டவும் அவருக்கு வாய் இருந்தது. நாகம்மை யாருக்கு என்ன பாக்கி வைத்தார்? சிரிப்பு மொத்தமும் ஆண்கள் வரவில். பயம் மட்டும் அவர் பற்றில்.

அதே நாகம்மை 1921ல் கள்ளுக்கடை மறியலில் நின்றார். 1924ல் வைக்கம் போராட்டத்துக்குப் போனார். 1933 மே மாதம் அவர் இறந்தபோது, பெரியார் 'குடி அரசு' பத்திரிகையில் இரங்கல் எழுதினார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது சொந்த மனைவியிடம் நடந்துகொண்டேன் என்று சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று, அச்சிலேயே ஒப்புக்கொண்டார். தன் பேரேட்டை ஊர் பார்க்கத் திறந்துவைக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

எனக்கு அன்று வரவில்லை. 'பாட்டி, அங்கே ஒண்ணும் இல்லை' என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். டீ ஆறிடுமேன்னு நின்னுட்டேன்.

அந்தப் பற்று இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.